தொடக்கநிலையாளருக்கு ஏற்ற வலைப்பூ வழிகாட்டித் தளம்

வலைப்பூ வழிகாட்டித் தளம் என்பது, வலைப்பூ தொடங்கவும், அதில் எழுதவும், அதைத் தொடர்ந்து நடத்தவும் விரும்புவோருக்கு வழிமுறைகளைக் கூறும் இணையதளம் ஆகும். இவ்வகைத் தளங்களில் பல, தம்மைப் "புதியவர்களுக்கானவை" என்றே அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஆயினும் அவற்றைப் படித்துத் தொடங்கும் புதியவர், முதல் பதிவை வெளியிடும் முன்பே நின்றுவிடுவது உண்டு. அப்போது அவர் தளத்தைக் குறை கூறுவதில்லை. "இதெல்லாம் நமக்கு வராது" என்று தம்மையே குறை கூறிக்கொண்டு விலகிவிடுகிறார்.

இழப்பு அவருடையது மட்டுமன்று. தம் ஊர்ப் பகுதியின் மூலிகைகளை நன்கறிந்தவர், கைத்தறி நெசவின் நுட்பம் தெரிந்தவர், வழக்கொழிந்து வரும் விளையாட்டுகளை நினைவில் வைத்திருப்பவர் போன்றோர் எழுதாமல் போனால், அந்தச் செய்திகள் தமிழ் இணையத்தில் இடம்பெறாமலே போய்விடும். எனவே ஒரு வழிகாட்டித் தளம் உண்மையில் புதியவருக்கு ஏற்றதாக இருப்பது எப்படி என்பது ஆராயத்தக்கது. கற்பித்தல் முறைகள் பற்றி ஆசிரியர் பயிற்சியில் கற்பிக்கப்படும் அடிப்படைகள் இதற்கு நேரடியாகப் பொருந்துகின்றன.

புதியவர் என்பவர் யார்?

ஒரு பாடத்தைத் தொடங்கும் முன் மாணவரின் முன்னறிவைச் சோதிக்க வேண்டும் என்பது கற்பித்தலின் முதல் விதி. வழிகாட்டித் தளங்களில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். "புதியவர்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகையினர் உள்ளனர்.

முதல் வகையினர், தமிழில் தட்டச்சு செய்யவே இன்னும் பழகாதவர்கள். தாளில் அழகாக எழுதுவார்கள். விசைப்பலகை அவர்களுக்குப் புதிது. இரண்டாம் வகையினர், முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் தமிழில் எழுதுபவர்கள். தட்டச்சு தெரியும், ஆனால் வலைப்பூ என்பது முகநூல் பக்கத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்பது தெரியாது. மூன்றாம் வகையினர், வலைப்பூ தொடங்கிச் சில பதிவுகள் எழுதியும் வாசகர் வராததால் உதவி தேடி வருபவர்கள்.

இம்மூவருக்கும் ஒரே கட்டுரையை எழுதினால் முதலாமவருக்கு அது எட்டாது, மூன்றாமவருக்குச் சலிப்பூட்டும். ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும், "இதைப் படிக்கும் முன் உங்களுக்கு இவை தெரிந்திருக்க வேண்டும்" என்று இரண்டு வரிகளில் கூறிவிடுவது நல்லது. தெரியாதவர் எங்கே போய் அதைக் கற்றுக்கொள்ளலாம் என்பதையும் அங்கேயே காட்ட வேண்டும்.

கருவியையும் கருத்தில் கொள்ள வேண்டும். தமிழ் வாசகர்களில் பலரிடம் உள்ள ஒரே கருவி கைப்பேசிதான். கணினித் திரையின் படங்களை மட்டும் காட்டி "இடப்பக்கப் பட்டியலில் பாருங்கள்" என்று எழுதினால், கைப்பேசியில் அந்தப் பட்டியல் மூன்று கோடுகள் கொண்ட சிறு குறிக்குள் மறைந்திருப்பதை அவர் எப்படி அறிவார்?

அறிந்தவருக்கு வரும் தடை

ஒன்றை நன்கு அறிந்தவருக்கு, அதை அறியாத நிலை எப்படி இருக்கும் என்பது மறந்துபோகிறது. இதைப் பொருளியல் அறிஞர்களான காலின் கேமரர், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், மார்ட்டின் வெபர் ஆகியோர் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் "அறிவின் சாபம்" என்று குறிப்பிட்டனர்.

இதை விளக்கும் எளிய சோதனை ஒன்றை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் 1990-இல் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக நடத்தினார். ஒருவர் பலருக்கும் தெரிந்த ஒரு பாடலின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். கேட்பவர்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட 120 பாடல்களில் சரியாகக் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே. தட்டுபவரின் மனத்தில் முழுப் பாடலும் இசையுடன் ஒலிக்கிறது. கேட்பவருக்கோ வெறும் தட்டல் ஓசைதான் கேட்கிறது.

வழிகாட்டிக் கட்டுரை எழுதுபவரின் நிலையும் இதுவே. "டொமைனை ஹோஸ்டிங்குடன் இணைத்து, ஒரு நல்ல தீமை நிறுவிக்கொள்ளுங்கள்" என்று எழுதும்போது அவருக்கு முழுக் காட்சியும் தெரிகிறது. படிப்பவருக்குத் தெரிவது நான்கைந்து புரியாத சொற்கள் மட்டுமே.

எளிய சொல்லும் முழுமையான படியும்

புதியவருக்கு எழுதுவது என்றால் எளிய சொற்களில் எழுதுவது என்றே பலர் கருதுகின்றனர். எளிய சொல் தேவைதான். ஆனால் அது மட்டும் போதாது. கீழ்வரும் வாக்கியத்தில் கடினமான சொல் எதுவும் இல்லை:

"பிளாகர் தளத்துக்குச் சென்று, கணக்கைத் தொடங்கி, உங்கள் முதல் பதிவை எழுதி வெளியிடுங்கள்."

இவ்வாக்கியத்தைப் பின்பற்ற முயலும் புதியவர் சந்திப்பவை வேறு. கூகுள் கணக்கு ஏற்கெனவே உள்ளதா, இல்லையா என்பதை அவர் முதலில் அறிய வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் இருக்கும். ஆனால் கடையில் யாரோ தொடங்கிக் கொடுத்த அந்தக் கணக்கின் கடவுச்சொல் அவருக்குத் தெரிந்திருக்காது. அடுத்து வலைப்பூவுக்கு ஒரு தலைப்பு கேட்கப்படும். அதைத் தமிழில் தரலாம். பிறகு முகவரி கேட்கப்படும். அதை ஆங்கில எழுத்துகளில் தர வேண்டும். விரும்பிய முகவரியை வேறொருவர் முன்பே எடுத்திருந்தால் "இந்த முகவரி கிடைக்காது" என்ற செய்தி வரும். புதியவர் இதைத் தம் தவறு என்று நினைத்து நிறுத்திவிடக்கூடும்.

எனவே நல்ல வழிகாட்டி, படிகளைத் தனித்தனியே எண்ணிட்டுத் தருவதோடு மூன்று செய்திகளைச் சேர்க்கும்: என்ன செய்ய வேண்டும், செய்தபின் திரையில் என்ன தெரியும், அது தெரியாவிட்டால் என்ன செய்வது. மூன்றாவது செய்திதான் மிகுதியும் விடுபடுகிறது. 1980-களில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஜான் கரோல், சொற்செயலிகளை முதன்முறையாகக் கற்பவர்களை உற்றுநோக்கினார். நீண்ட கையேடுகளை அவர்கள் வரிசையாகப் படிப்பதில்லை. உடனே ஏதாவது செய்து பார்க்கவே விரும்புகிறார்கள். பிழை நேர்ந்ததும் மீளத் தெரியாமல் சிக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டார். அதனால் அவர் உருவாக்கிய சுருக்கக் கையேடுகளில் உண்மையான வேலைக்கும் பிழையிலிருந்து மீளும் வழிக்கும் முதலிடம் தரப்பட்டது.

திரையில் உள்ள சொல்லை அப்படியே எடுத்தாள்வதும் இன்றியமையாதது. பொத்தானில் "பப்ளிஷ்" என்று இருக்க, கட்டுரையில் "பதிப்பிக்க" என்று எழுதினால் படிப்பவர் அந்தச் சொல்லையே திரையில் தேடிக் களைத்துப்போவார். "பப்ளிஷ், அதாவது வெளியிடு, என்னும் பொத்தான்" என்று எழுதுவதே பயன்தரும்.

வரிசை

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, எளியதிலிருந்து கடினமானதற்கு, காட்சிப்பொருளிலிருந்து கருத்துப்பொருளுக்கு என்பன ஆசிரியர் பயிற்சியில் கற்பிக்கப்படும் கற்பித்தல் நெறிகள். பல வலைப்பூ வழிகாட்டிகள் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றன. முதலில் டொமைன் வாங்குதல், அடுத்து ஹோஸ்டிங், பிறகு வடிவமைப்பு, செருகுநிரல்கள், தேடுபொறி உகப்பாக்கம், விளம்பரம். இவை எல்லாவற்றுக்கும் பிறகே எழுதுதல் வருகிறது.

மனிதரின் செயல்படு நினைவு ஒரே நேரத்தில் சிலவற்றை மட்டுமே தாங்கும். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் சுவெல்லர் 1988-இல் முன்வைத்த அறிதல் சுமைக் கோட்பாடு இதன் அடிப்படையிலேயே அமைந்தது. புதிய செய்திகள் ஒரே சமயத்தில் குவிந்தால் கற்றல் நிகழாது. ஆகவே முதல் நாளுக்கு ஒரே இலக்கு போதும்: ஒரு பதிவை எழுதி வெளியிட்டு, அதன் இணைப்பை ஒரு நண்பருக்கு அனுப்புதல். நண்பர் தம் கைப்பேசியில் அதைத் திறந்து படித்துவிட்டால், வலைப்பூ என்பது என்ன என்ற கேள்விக்கு விளக்கமே தேவைப்படாது.

ஒரு நல்ல வரிசை இவ்வாறு அமையலாம்:

1. தமிழ்த் தட்டச்சு
2. இலவசத் தளத்தில் கணக்கும் முதல் பதிவும்
3. பதிவைத் திருத்துதல், நீக்குதல், படம் சேர்த்தல்
4. கடவுச்சொல் பாதுகாப்பும் பதிவுகளைப் படியெடுத்து வைத்தலும்
5. பத்துப் பதிவுகள் எழுதிய பின் வடிவமைப்பும் தேடுபொறியும்
6. தேவையெனில் சொந்த டொமைன்

திருத்தவும் நீக்கவும் முன்னதாகவே கற்றுத்தருவதற்குக் காரணம் உண்டு. தவறாகப் போட்டாலும் மாற்றிவிடலாம் என்று அறிந்தவருக்கே அச்சம் விலகும்.

தேர்வுகளைக் குறைத்தல்

"பிளாகரா, வேர்ட்பிரஸா?" என்னும் ஒப்பீட்டுக் கட்டுரை வழிகாட்டித் தளங்களில் தவறாமல் இருக்கும். பிளாகர் 1999-இல் தொடங்கப்பட்டு 2003-இல் கூகுளின் வசமானது. வேர்ட்பிரஸ் மென்பொருள் 2003-இல் வெளிவந்தது. இரண்டின் நிறைகுறைகளையும் பத்துத் தலைப்புகளில் அட்டவணையிட்டுக் காட்டி, "உங்கள் தேவைக்கேற்ப முடிவு செய்யுங்கள்" என்று முடிப்பது நடுநிலை போலத் தோன்றும். தம் தேவை என்னவென்று இன்னும் அறியாதவரிடம் இது பொறுப்பைத் தள்ளிவிடுவதாகும்.

மேலும் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் இரண்டு உள்ளன. வேர்ட்பிரஸ்.காம் என்பது கணக்குத் தொடங்கி நேரடியாக எழுதக்கூடிய சேவை. வேர்ட்பிரஸ்.ஆர்க் என்பது, நாமே ஒரு ஹோஸ்டிங் ஏற்பாடு செய்து அதில் நிறுவிக்கொள்ள வேண்டிய மென்பொருள் கிடைக்கும் இடம். இந்த வேறுபாட்டைக் கூறாமல் "வேர்ட்பிரஸில் தொடங்குங்கள்" என்று எழுதுவது, ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் எதற்குப் பேருந்து ஏற வேண்டும் என்று சொல்லாமல் அனுப்பிவைப்பதற்குச் சமம்.

புதியவருக்கான பக்கத்தில் ஒரே வழியைப் பரிந்துரைத்து, அதற்கான காரணத்தை இரு வரிகளில் கூறி, பிற்காலத்தில் மாறிக்கொள்ள முடியும் என்பதையும் சொல்லிவிட்டால் போதும். எழுதிய பதிவுகளைக் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி இரண்டிலும் உண்டு. ஒப்பீட்டு அட்டவணையை அடுத்த நிலை வாசகருக்கு ஒதுக்கலாம்.

தமிழில் எழுதுவோருக்கு உரிய இடர்கள்

ஆங்கிலத் தளங்களைத் தழுவி எழுதப்படும் வழிகாட்டிகளில், தமிழுக்கே உரிய சிக்கல்கள் இடம்பெறுவதில்லை. அவற்றில் மூன்று முதன்மையானவை.

முதலாவது தட்டச்சு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை ஒரு வழி. "அம்மா" என்பதை ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தட்டும் ஒலிபெயர்ப்பு முறை மற்றொரு வழி. நீண்ட காலம் எழுத எண்ணுபவருக்குத் தமிழ்99 விரைவு தரும். இன்றே ஒரு பதிவு எழுத விரும்புபவருக்குக் கைப்பேசியில் உள்ள ஒலிபெயர்ப்பு முறை போதும்.

இரண்டாவது எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்தவற்றை வலைப்பூவில் ஒட்டினால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த குழப்பம் தோன்றும். பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பதே காரணம். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல ஆண்டுகளாகக் கணினியில் எழுதிச் சேர்த்து வைத்துள்ள முதியவர்களுக்கு இந்த ஒரு செய்தியே பெரும் உதவி.

மூன்றாவது பதிவின் முகவரி. பதிவுக்குத் தமிழில் மட்டும் தலைப்பிட்டால், பிளாகர் அதன் முகவரியில் தலைப்பைச் சேர்க்காமல் "பிளாக்-போஸ்ட்" என்னும் பொதுச் சொல்லை இட்டுவிடும். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பையே முகவரியாக்கும். ஆனால் அதை நகலெடுத்து ஒட்டும்போது விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாக மாறிவிடலாம். ஒருங்குறியின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் அப்போது 9 எழுத்துகளாக விரிகிறது. "அம்மா" என்பதில் அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என 5 குறிகள் இருப்பதால், அந்தச் சிறு சொல்லே 45 எழுத்துகள் ஆகிவிடும். புதியவருக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. "வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று ஆங்கிலச் சொற்களை இடுங்கள்" என்ற ஒரு படி போதும். காரணம் அறிய விரும்புபவருக்குத் தனிப்பக்கம் இருக்கட்டும்.

பணம் பற்றிய நேர்மை

வழிகாட்டித் தளங்கள் பலவற்றின் வருவாய், அவை பரிந்துரைக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள் தரும் தரகுத் தொகையிலிருந்து வருகிறது. தளத்தில் உள்ள இணைப்பின் வழியே ஒருவர் பணம் கட்டினால், தளம் நடத்துபவருக்கு ஒரு பங்கு கிடைக்கும். இது குற்றமன்று, ஆனால் மறைப்பது தவறு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையே உள்ள இத்தகைய தொடர்பை வெளிப்படையாகக் கூற வேண்டும் என்கின்றன.

முதல் நாளிலேயே ஹோஸ்டிங் வாங்கச் சொல்லும் வழிகாட்டியில் கற்பித்தல் வரிசை மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். விலை குறிப்பிடப்படும் முறையையும் புதியவருக்கு விளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "மாதம் 100 ரூபாய்" என்று விளம்பரம் செய்யப்படும் திட்டம் 48 மாதங்களுக்கு மொத்தமாகக் கட்ட வேண்டியதாக இருந்தால், கட்ட வேண்டியது 4,800 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சேர்ந்தால் 5,664 ரூபாய். காலம் முடிந்து புதுப்பிக்கும்போது தள்ளுபடி நீங்கி விலை உயரலாம். டொமைனும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்க வேண்டியதே. தவறினால் அந்தப் பெயர் பிறர் கைக்குப் போகக்கூடும். இவற்றைக் கூறாமல் வாங்கச் செய்வது, ஓய்வூதியத்திலிருந்தோ கல்லூரிச் செலவுப் பணத்திலிருந்தோ ஒருவர் எடுத்துக் கட்டும் தொகையை வீணாக்குவதாகும்.

விளம்பர வருவாயைப் பற்றியும் அளவோடு பேச வேண்டும். எழுதும் எல்லாருக்கும் மாத வருமானம் வரும் என்ற நம்பிக்கையை ஊட்டுவது பிழை. எழுத்துக்கு வாசகர் சேர நாளாகும். வாசகர் சேர்ந்த பின்னரே விளம்பரம் பொருட்படுத்தத்தக்க தொகையைத் தரும்.

காலங்கடந்த அறிவுரை

புதியவரால் பழைய அறிவுரையையும் புதிய அறிவுரையையும் பிரித்தறிய இயலாது. கூகுள் பிளஸ் பக்கத்துடன் வலைப்பூவை இணைக்கச் சொல்லும் கட்டுரைகள் இன்றும் தேடலில் கிடைக்கலாம். பொதுமக்களுக்கான அச்சேவை 2019-இல் மூடப்பட்டது. தமிழ் வலைப்பூக்களுக்குக் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்காது என்று எழுதியவை ஒரு காலத்தில் சரியாக இருந்தன. 2018-இல் தமிழும் ஏற்கப்பட்ட மொழிகளின் பட்டியலில் சேர்ந்ததால் அவை பொருந்தாமல் போயின.

ஆகவே ஒவ்வொரு வழிகாட்டிக் கட்டுரையிலும் எழுதிய நாளுடன், கடைசியாகச் சரிபார்த்த நாளையும் குறிப்பிட வேண்டும். சரிபார்த்தல் என்பது கட்டுரையை மீண்டும் படிப்பதன்று. ஒரு புதுக் கணக்கைத் தொடங்கி, எழுதியுள்ள படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதாகும்.

சோதித்துப் பார்த்தல்

ஒரு வழிகாட்டி புதியவருக்கு ஏற்றதா என்பதை எழுதியவர் தீர்மானிக்க முடியாது. வலைப்பூ அறியாத ஒருவரை அழைத்து, அக்கட்டுரையை மட்டும் கொடுத்து, முதல் பதிவை வெளியிடச் சொல்ல வேண்டும். எழுதியவர் அருகில் அமர்ந்திருக்கலாம். ஆனால் வாய் திறக்கவோ திரையைத் தொடவோ கூடாது. அவர் எந்த இடத்தில் தயங்குகிறார், எதை இருமுறை படிக்கிறார், எங்கே பின்னோக்கிப் போகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதால் பயனில்லை. வகுப்பில் அக்கேள்விக்கு எல்லா மாணவரும் தலையாட்டுவதை ஆசிரியர்கள் அறிவர்.

பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன், இத்தகைய சோதனைக்கு 5 பேர் போதும் என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அதே தடைகளே மீண்டும் மீண்டும் தென்படுவதால், நிறையப் பேரை ஒரே முறை சோதிப்பதைவிடச் சிலரைச் சோதித்துத் திருத்தி, மறுபடியும் சோதிப்பது மேல் என்பது அவர் கருத்து. வீட்டில் ஒருவர், அண்டை வீட்டில் ஒருவர், நூலகத்தில் ஒருவர் என்று தேடினால் தமிழ்த் தளம் நடத்துபவருக்கும் ஐவர் கிடைப்பர்.

உதவியை விலக்கிக்கொள்ளுதல்

புதியவருக்கு எழுதுவது அவரைக் குழந்தையாக நடத்துவதன்று. அவர் தம் துறையில் வல்லவராக இருக்கலாம். வலைப்பூவில் மட்டுமே புதியவர். "மிக எளிது", "யார் வேண்டுமானாலும் ஐந்தே நிமிடத்தில் செய்யலாம்" போன்ற சொற்றொடர்கள் ஊக்கம் தருவதற்காகவே எழுதப்படுகின்றன. ஐந்து நிமிடத்தில் முடிக்க இயலாதவருக்கு அவை தாழ்வு மனப்பான்மையைத் தருகின்றன. "முதன்முறை செய்பவருக்கு ஒரு மணி நேரம் ஆகலாம்" என்பதே அவருக்குத் துணிவூட்டும் வாக்கியம்.

டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976-இல் எழுதிய கட்டுரையில், கற்பவருக்குத் தரப்படும் உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்துக்கு ஒப்பிட்டனர். சுவர் எழும் வரை சாரம் தேவை. எழுந்தபின் அதைப் பிரித்துவிட வேண்டும். வழிகாட்டித் தளமும் அவ்வாறே, முதல் பதிவில் ஒவ்வொரு பொத்தானையும் காட்டி, ஐந்தாம் பதிவில் செய்ய வேண்டியதை மட்டும் கூறி, பத்தாம் பதிவில் "இதை நீங்களே முயன்று பாருங்கள்" என்று விலகி நிற்க வேண்டும். அதன்பின் அவர் தளத்துக்குத் திரும்பி வராமல் தம் வலைப்பூவில் எழுதிக்கொண்டிருந்தால், வருகையாளர் எண்ணிக்கை ஒன்று குறையும். வழிகாட்டி தன் வேலையைச் செய்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.